திங்கட்கிழமை வா

மைனஸ் இருபத்தேழு.
வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் மின்கம்பி
சுவரில் செருகியபடி இருக்கிறது.
இரவெல்லாம் சூடு குடித்தால்தான்
மூஸ் ஜாவில் காலையில் எந்த என்ஜினும் வாய் திறக்கும்.
ஏழாயிரத்து அறுநூறு டாலர் என்று எழுதி
பின்கண்ணாடியில் ஒட்டிப் பதினாறு நாள்.

முதலில் வந்தவன் வரவே இல்லை.
குறுஞ்செய்தியில் மட்டும் இருந்தான்.
வண்டியைப் பார்க்க வேண்டாமாம்.
ஒன்பதாயிரமாக அனுப்புகிறானாம்,
மிச்சத்தை ஏற்றிப்போகும் லாரிக்காரனுக்கு
நான் கொடுத்துவிட வேண்டுமாம்.
இடது கதவில் துரு இருக்கிறது என்று எழுதினேன்.
பரவாயில்லை, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்றான்.
துருவுக்குப் பேரம் பேசாதவன்
வண்டி வாங்க வந்தவன் இல்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கு, இருட்டில்,
டார்சி டெஜார்லே வந்தான்.
எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்தான்.
அந்தப் பனியில் மல்லாந்து படுத்து அடியைப் பார்த்தான்.
துருவுக்கு முந்நூறு குறைத்தான்.
எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.
பயம் அங்கேதான் தொடங்கியது.

ஏழாயிரத்துக்கு வங்கி வரைவோலை, மீதி ரொக்கம்.
நல்ல தாள்.
விளக்கில் பிடித்தால் நீர்க்குறி,
விரலுக்கு உறுத்தும் எழுத்து,
சரிபார்க்கக் கீழே ஒரு தொலைபேசி எண்.
தாளைச் செய்தவன்
எண்ணை அச்சடிக்க மறப்பானா?
என்னோடு பஸ் ஓட்டும் கார்லாவின் கணக்கில்
பணம் விழத்தான் செய்தது.
எட்டு நாள் இருந்தது.
ஒன்பதாம் நாள் வங்கியே திரும்ப எடுத்துக்கொண்டது.
அவள் டிரக் அதற்குள் எந்த மாகாணத்திலோ.

"திங்கட்கிழமை வா," என்றேன்.
"பத்து மணி. என் வங்கி. சாவி அங்கே."
அவன் முகம் ஒரு கணம் சாத்திக்கொண்டது.
அவனைப் போன்றவர்கள் இந்த ஊரில்
எத்தனை வாசலில் இந்தப் பார்வையைப் பார்த்திருப்பார்கள்
என்பது எனக்குத் தெரியும்.
எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
உண்மைதான்.
ஆனால் பொய் சொல்பவர்களும் அதையே சொல்கிறார்கள்.

ஞாயிறு முழுக்கப் பனி.
ஒரு நல்லவனை விரட்டினேன் என்று தட்டைக் கழுவினேன்.
ஒரு திருடனிடம் தப்பினேன் என்று துடைத்தேன்.

திங்கள், பத்துக்கு நான்கு நிமிடம்.
எனக்கு முன்பே நின்றான்,
இடுப்பில் மகள், அவளுக்கு ஒரு காலுறை மட்டும்.
கண்ணாடிக்குப் பின்னால் மரிவிக்
தாளில் இருந்த எண்ணைத் தொடவில்லை.
தன் பட்டியலில் கிளையைத் தேடி அழைத்தாள்.
பதினொரு நிமிடம்,
யார்க்டனில் யாரும் எடுக்காத ஒரு மணி
எங்கள் மூவருக்கும் நடுவே அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவன் மடித்த தாள் ஒன்றை விரித்தான்.
என் வண்டியின் மேல் கடன் உண்டா என்று
காசு கட்டிப் பார்த்திருக்கிறான்.
ஞாயிறன்று. நான் தட்டுக் கழுவிய நேரம்.
"தப்பா நினைக்காதீங்க.
உங்க லைசென்ஸையும் காட்டுங்க,
பேர் ஒண்ணுதானான்னு பார்க்கணும்."
இவ்வளவு மரியாதையாக
என்னை யாரும் சந்தேகித்ததில்லை.

யாரோ எடுத்தார்கள்.
மளிகைப் பட்டியல் வாசிப்பதுபோல்
மரிவிக் எண்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்.
தலையசைத்தாள்.
முந்நூறை அவன் எதிரே இரண்டு தடவை எண்ணினேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

வெளியே என் நம்பர் பலகையைக் கழற்றும்போது
ஒரு திருகு உறைந்து வர மறுத்தது.
அவன் குனிந்து மூச்சை ஊதினான், நான் திருப்பினேன்.
அவனுடைய பலகை கோட்டுக்குள்ளிருந்து வந்தது.

வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன்.
ஸ்டியரிங்கில் கார்லா.
"பணம் வந்துச்சா வெர்னா?"
வந்தது என்றேன்.
அவள் கண்ணாடியில் என்னையே பார்த்தாள்.
சரி, பத்து நாள் கழித்தும் சொல்கிறேன் என்றேன்.